மேசைமீது ஒரு கடற்கோட்டை

ரொறன்ரோவிலே பனிக்காலம் தொடங்கிவிட்டால் நம்மவர் வாழ்க்கையிற் பாதி நிலவறைக்குள் இறங்கிவிடுகின்றது. பரத வகுப்பு, மிருதங்க வகுப்பு, கரம்பலகை, பிறந்தநாள் விழா, புதிதாக வந்தவருக்கு ஒதுக்கிடம் என அனைத்துக்கும் இடங்கொடுக்கும் அந்த நிலவறையிலே, ஒரு சில வீடுகளில் இப்பொழுது வேறொரு முயற்சியும் நடைபெறுகின்றது. பெரியதொரு மேசை, அதன்மீது பச்சைத் துணி, துணியின்மேல் பெருவிரல் அளவினதான போர்வீரர் உருவங்கள், அவர்களுக்கிடையே மரங்கள், வேலிகள், வீடுகள், ஒரு கோட்டை. அளவுநாடாவும் தாயக்கட்டையும் கையிலே கொண்டு இருவர் எதிரெதிரே நின்று, எப்பொழுதோ நடந்து முடிந்த ஒரு போரை மீண்டும் ஆடிப்பார்க்கின்றனர். இதனை வரலாற்றுப் போர்விளையாட்டு என்பர். இக்கட்டுரை ஆட்டத்தைப் பற்றியதன்று. மேசைமீது நிற்கும் கட்டடத்தைப் பற்றியது. அதைச் செய்பவர் கை எவ்வாறு இயங்குகின்றது, எதைச் செய்யலாம், எதைச் செய்யத் தயங்கவேண்டும் என்பதே இங்கு பேசப்படுகின்றது.

போரை விளையாட்டாக்கியது ஐரோப்பியர் மாத்திரமல்லர். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படைகளையும் பலகைமீது நிறுத்திய சதுரங்கம் நமது பக்கத்திலிருந்தே உலகெங்கும் சென்றது. கந்தசுவாமி கோவில் வீதியிலே ஆண்டுதோறும் நிகழும் சூரன் போரைக் கண்டு வளர்ந்த எவருக்கும், நடந்து முடிந்த போரொன்றை ஆடிக்காட்டுவது புதுமையாகத் தோன்றாது. ஆயினும், நிலத்தின் மேடுபள்ளத்தையும் கட்டடத்தையும் உருவாக்கி அதன்மேல் ஆடும் முறை பிரஷ்ய நாட்டிலே உருப்பெற்றது. ரைஸ்விற்ஸ் என்பவர் 1812இல் தம் மன்னருக்கென இத்தகைய மேசையொன்றைச் செய்தளித்தார். அவருடைய மைந்தர் 1824இல் அதற்குரிய விதிகளை நூலாக வெளியிட்டார். எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1913இல் 'சிறிய போர்கள்' என்னும் பொருள்படும் நூலை எழுதி இதனைப் பொதுமக்களின் வீட்டுக்குள் கொண்டுவந்தார். சிறிய போரை மூன்று நான்கு முறை ஆடிப்பார்த்தவர்க்குப் பெரிய போர் எத்துணை அறிவீனமானது என்பது விளங்கும் என்ற கருத்தை அவர் அந்நூலின் இறுதியிலே கூறுகின்றார். மறுவருடமே முதலாம் உலகப்போர் மூண்டது.

கோட்டையின் மாதிரியுருவைச் செய்வதற்கு இதனினும் நீண்ட வரலாறு உண்டு. பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர், தம் அமைச்சர் லூவுவாவின் ஆலோசனைப்படி, 1668 முதல் தமது எல்லைக் கோட்டைகளை 1/600 அளவிலே மரத்தாலும் தாளாலும் பட்டாலும் செய்வித்தார். அவை பகைவர் கண்ணிற் படக்கூடாத அரச இரகசியங்கள். அவற்றுள் ஒரு பகுதி பாரிஸ் நகரின் அன்வலிட் மாளிகையில் இன்று காட்சிக்கு உண்டு. பாரிஸ் லாச்சப்பலுக்குச் செல்லும் நம் உறவினர்கள் கறிச்சரக்கு வாங்கிய கையோடு ஒருமுறை அங்கும் சென்று வரலாம். கனடாவிலும் ஒன்று உண்டு. கியூபெக் நகரத்தையும் அதன் அரண்களையும் டுபேர்ஜே என்னும் வரைபடக் கலைஞரும் ஜோன் பை என்னும் பொறியியல் அதிகாரியும் 1806 முதல் 1808 வரை மரத்திலே செதுக்கினர். 1810இல் இலண்டனுக்கு அனுப்பப்பட்ட அம்மாதிரி 1908இல் கனடாவுக்குத் திரும்பியது. ஒட்டாவாவிலுள்ள ரிடோ கால்வாயை வெட்டுவித்தவரும் இதே ஜோன் பை அவர்களே. தொழில் வேண்டாது பார்த்து மகிழ மாத்திரம் விரும்புவோர்க்கு, யங் வீதியும் டன்டாஸ் வீதியும் சந்திக்குமிடத்தருகே 2021இல் திறக்கப்பட்ட 'லிட்டில் கனடா' என்னும் காட்சிக்கூடத்திலே 1/87 அளவிலான ரொறன்ரோ நகரமே இருக்கின்றது.

எந்தக் கட்டடத்தைச் செய்வது?

முதன்முதலாகச் செய்ய விரும்புவோர்க்கு நம் காலடியிலேயே ஒரு கோட்டை உண்டு. காடினர் நெடுஞ்சாலையிலே நாளாந்தம் வேலைக்குச் செல்லும் நம்மவர் பலர், பதேர்ஸ்ற் வீதிக்கு மேற்கே தாம் ஒரு பழைய போர்க்களத்தின் ஓரத்தைத் தொட்டுச் செல்வதை அறியார். 1793இல் நிறுவப்பட்ட போர்ட் யோர்க் அதுவாகும். 1813 ஏப்ரல் 27ஆம் திகதி அமெரிக்கப் படைகள் ஏரிவழியாக வந்திறங்கித் தாக்கியபோது, பின்வாங்கிய பிரித்தானியர் தமது வெடிமருந்துக் களஞ்சியத்துக்குத் தீவைத்தனர். அந்த வெடிப்பிலே அமெரிக்கத் தளபதி செபுலன் பைக் உட்படப் பலர் மாண்டனர். இருநூறு பேருக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அதன்பின் 1813 முதல் 1815 வரை மீளக் கட்டப்பட்டவையே இன்று நாம் காணும் பழைய கட்டடங்கள். 1950களின் இறுதியிலே காடினர் நெடுஞ்சாலையை இக்கோட்டைக்கு மேலாகவே கொண்டுசெல்லத் திட்டமிட்டபோது நகரத்தார் எதிர்த்து நின்றனர். நெடுஞ்சாலைதான் வளைந்து கொடுத்தது.

அங்குள்ள இரண்டு காவல்மனைகளும் தொடக்கக்காரருக்கு மிகவும் ஏற்றவை. சதுரமாகச் செதுக்கிய தடித்த மரங்களை அடுக்கிய இரண்டு மாடிகள், சுடுவதற்கான சிறு துவாரங்கள், எளிய கூரை. கோப்பி கலக்கும் மரக்குச்சிகளை அட்டைப்பெட்டியின்மீது வரிசையாக ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது. நேரிற் சென்று பார்க்கலாம், கையால் அளக்கலாம், படமெடுக்கலாம். பிள்ளைகளும் பாடசாலையிலே 1812ஆம் ஆண்டுப் போரைப் படிக்கின்றனர்.

ஆயினும் நம்மவர் ஒருவர் கத்தியைக் கையில் எடுத்ததும் அவர் மனத்தில் முதலில் எழுவது யோர்க் கோட்டையன்று. யாழ்ப்பாணக் கோட்டையே எழுகின்றது. இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டியுள்ளது.

யாழ்ப்பாணக் கோட்டை என்றதும் நம் கண்முன் தோன்றுவது ஐங்கோண வடிவம். அது ஒல்லாந்தர் கட்டியது. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியபின் எழுப்பிய கோட்டை நாற்கோணமானது. 1658இல் ரிக்லொப் வான் கூன்ஸ் தலைமையில் வந்த ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கும் மேலாக முற்றுகையிட்டதும், பசியாலும் நோயாலும் தளர்ந்த போர்த்துக்கேயர் யூன் மாதத்திலே சரணடைந்ததும் அந்த நாற்கோணக் கோட்டையிலேதான். அதனை இடித்தே ஒல்லாந்தர் ஐந்து கொத்தளங்களோடு கூடிய புதிய கோட்டையை அமைத்தனர். அதற்குள்ளே இருந்த சிலுவை வடிவத் தேவாலயம் 1706ஆம் ஆண்டுக்குரியது; வெளி அரண்கள் நிறைவெய்தியது 1792இல். மூன்றே ஆண்டுகளின்பின், 1795 செப்ரெம்பரில், பிரித்தானியர் வந்தபோது ஒல்லாந்தர் எதிர்த்து நில்லாமலே கோட்டையை ஒப்படைத்தனர். எனவே ஐங்கோணக் கோட்டையை மேசைமீது வைத்து 1658ஆம் ஆண்டு முற்றுகையை ஆடுவது வரலாற்றுப் பிழை. இத்துறையிலே ஈடுபட்டோர் வீரனின் சட்டைப் பொத்தானின் நிறத்துக்கே வழக்காடுபவர்கள், இதனைப் பொறுக்கமாட்டார்கள்.

ஒல்லாந்தரின் அரும்பெரும் முயற்சியாகிய அந்த ஐங்கோணம், பீரங்கிப் போருக்கென்றே கணித்துக் கட்டப்பட்டும், அவர்கள் காலத்திலே ஒரு போரையும் காணவில்லை. அது கண்ட போர் நம்முடைய போர். 1990ஆம் ஆண்டு யூன் தொடங்கிச் செப்ரெம்பர் வரை நூறு நாட்களுக்கு மேலாக நடைபெற்ற முற்றுகையை நேரிற் கண்டவர்கள், ஷெல் விழுந்த திசையை எண்ணிப் படுத்தவர்கள், பதுங்குகுழிக்குள் பிள்ளைகளைப் பொத்திப் பிடித்திருந்தவர்கள் இந்நகரத்திலேயே ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். 1706ஆம் ஆண்டுத் தேவாலயம் இடிந்து மண்மேடானதும் அப்போர்க்காலத்திலேதான். அப்படியாயின் ஐங்கோணக் கோட்டையைச் செய்து தாயக்கட்டை உருட்டி எந்தப் போரை ஆடுவது?

எமக்குத் தெரிந்த ஒரு வீட்டிலே மகன் இக்கேள்வியைக் கேளாமலே வேலையைத் தொடங்கியிருந்தான். தாயார் நிலவறைப் படியிலே நின்று, "அங்கே பட்டது போதாதோ தம்பி, இங்கே மேசையிலும் வைக்கவேணுமோ?" என்று மட்டும் கேட்டார். பையன் இந்நாட்டிலே பிறந்தவன்; அவனுக்குக் கோட்டை ஒரு வடிவம், தாயாருக்கு அது ஓர் இரைச்சல். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. எமது கருத்து இது: ஐங்கோணக் கோட்டையை மாதிரியுருவாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும், இடிந்துபோன அத்தேவாலயத்தை அதற்குரிய இடத்திலே நிமிர்த்தி வைக்கவும் வேண்டும். ஆனால் அதன்மீது ஆட்டம் வேண்டாம். உயிரோடிருப்பவர் இழந்த உறவுகளைத் தாயக்கட்டையின் எண்ணிக்கைக்குள் அடக்குவதற்கு இன்னும் காலம் ஆகவில்லை. இரண்டாம் உலகப்போரை மேசைமீது ஆடுகின்றார்களே என்பர் சிலர். ஆடுகின்றார்கள்தான். அவர்களுள்ளும் ஆடாதவர் உண்டு. அவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

ஆட்டம் வேண்டுமென்போர்க்கு 1658 இருக்கின்றது. அதற்கென யாழ்ப்பாணத்திலேயே மிகப் பொருத்தமான சிறு கட்டடமும் இருக்கின்றது.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலே, பாதையிற் கடல் கடந்த எவரும் கண்டிருக்கக்கூடிய கடற்கோட்டை அது. அலைக்கு மேலே நேராக எழும் சுவர்கள்; சுற்றிவர நீரன்றி நிலமில்லை. போர்த்துக்கேயர் கட்டிய இதனை, யாழ்ப்பாணத்தை முற்றுகையிட்ட அதே 1658இல் ஒல்லாந்தர் வளைத்துக்கொண்டனர். உள்ளிருந்தோரை வீழ்த்தியது பீரங்கியிலும் பார்க்கத் தாகம். குடிதண்ணீர் இல்லாமற் போனதே அவர்கள் சரணடையக் காரணமாயிற்று. கடல் நடுவே இருந்துகொண்டு தண்ணீரின்றித் தோற்ற கோட்டை! ஒல்லாந்தர் அதனைத் திருத்திக் 'ஹமன்ஹீல்' எனப் பெயரிட்டனர். பன்றித்தொடையின் குதிப்பகுதி என்பது அப்பெயரின் பொருள். நிலப்படத்திலே நமது நாடு அவர்களுக்கு உப்பிட்ட இறைச்சித் துண்டாகத் தோன்றியிருக்கின்றது. இன்று அது கடற்படையினர் நடத்தும் விடுதி.

அளவும் ஆதாரமும்

மேசை ஆட்டத்தில் உருவத்தின் உயரமே கட்டடத்தின் அளவைத் தீர்மானிக்கின்றது. 28 மில்லிமீற்றர் உயர உருவங்களுக்கு ஏறத்தாழ 1/56 அளவு பொருந்தும். 15 மில்லிமீற்றருக்கு 1/100. 6 மில்லிமீற்றருக்கு 1/300. நூறு மீற்றர் நீளமான சுவர் 1/56இலே ஏறக்குறைய 180 சென்ரிமீற்றர் ஆகிவிடும். அதை வைத்தால் மேசையிலே வேறெதற்கும் இடமிராது. 1/100இலே அது ஒரு மீற்றர். 1/300இலே 33 சென்ரிமீற்றர். ஆகவே முழுக் கோட்டையும் வேண்டுவோர் 1/300ஐத் தெரிவுசெய்து, கப்பல்களையும் அதே அளவில் வைத்துக் கடல் முற்றுகையாக ஆடலாம். பெரிய உருவங்களை விரும்புவோர் வாயிலையும் அதனை ஒட்டிய இரு சுவர்களையும் மாத்திரம் செய்தாற் போதும்.

ஆதாரம் தேடுவோர்க்கு முன்போல இடரில்லை. முற்றுகையின்போது ஒல்லாந்தப் படையோடு வந்த பால்டேயஸ் பாதிரியார் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூலிலே யாழ்ப்பாணப் பகுதியின் செதுக்குப் படங்கள் உள்ளன. டென் ஹாக் நகரிலுள்ள ஒல்லாந்தத் தேசிய ஆவணக் காப்பகம், கிழக்கிந்தியக் கும்பனியின் கோட்டை வரைபடங்கள் பலவற்றை இணையவழி இலவசமாகப் பார்க்கத் தந்துள்ளது. செதுக்குப் படங்களை அப்படியே நம்பிவிடக்கூடாது. அம்ஸ்ரடாமில் இருந்த செதுக்குநர் பனையைக் கண்டவரல்லர் என்பதை அப்படங்களின் மரங்களே சொல்லும்.

கட்டும் முறை

சுவருக்கு உகந்தது வீட்டுக் குளிர்காப்புக்குப் பயன்படும் நுரைப்பலகை. கனடாவில் இது பெரும்பாலும் இளஞ்சிவப்பு அல்லது நீல நிறத்தில், இரண்டடி அகலமும் எட்டடி நீளமும் கொண்ட பலகைகளாகக் கட்டடப் பொருட் கடைகளில் விற்கப்படுகின்றது. நிலவறை திருத்திய வீடுகளிலே மிச்சத்துண்டுகள் நிச்சயம் கிடக்கும். கூரிய கத்தியால், ஒரே அழுத்தத்தில் அறுக்காமல், மூன்று நான்கு முறை மெதுவாகக் கீறி அறுக்கவேண்டும். மழுங்கிய அலகு நுரையைப் பிய்த்துவிடும். சுடுகம்பியால் அறுப்போர் சாளரத்தைத் திறந்து வைத்தல் அவசியம்; அப்புகை நுரையீரலுக்கு ஆகாது. பனிக்காலமாயினும் திறக்கத்தான் வேண்டும்.

நமது கோட்டைகளின் கல் முருகைக்கல். வெட்டிய கருங்கல்லைப்போல் அதன் முகம் மழமழப்பாக இராது. துளையும் பொருக்குமாக இருக்கும். நுரைப்பலகையிலே முதலிற் பென்சிலால் கல்லிடுக்குகளை அழுத்தி வரைந்து, பின்னர் கசக்கிய அலுமினியத் தாளை உருண்டையாக்கி மேலே உருட்டினால் அப்பொருக்குத் தன்மை வந்துவிடுகின்றது. சில கற்களை மாத்திரம் பல் துலக்கும் பழைய தூரிகையின் முனையாற் குத்தலாம். எல்லாக் கல்லையும் ஒரேவிதமாகக் குத்தினால் சல்லடைபோலத் தோன்றும். சுண்ணாம்புச் சாந்து பூசிய இடங்களுக்குச் சுவர் ஓட்டை அடைக்கும் பசையை மெல்லியதாகத் தடவி, காய்ந்தபின் ஆங்காங்கே உரித்துவிடவேண்டும்.

அடுத்து ஓர் எச்சரிக்கை. நுரைப்பலகையின்மீது விசிறும் வர்ணத்தை நேராக அடித்தல் ஆகாது; அதிலுள்ள கரைப்பான் நுரையை உருக்கிவிடும். வெள்ளைப் பசையையும் கறுப்பு அக்ரிலிக் வர்ணத்தையும் கலந்து தூரிகையாலே முழுவதும் பூசி மூடிவிட்டால், நுரையும் உறுதிபெறும், அடிவர்ணமும் ஆகிவிடும். தை, மாசி மாதங்களில் வெளியே நின்று வர்ணம் விசிறுவதும் இந்நகரத்தில் இயலாதகாரியம். குளிரிலே அது ஒட்டாது, பொரிந்துபோகும்.

உள்ளே இருக்கும் சிறு மனைகளின் கூரைக்குப் பீலி ஓடு அல்லது ஓலை. நெளிவுடைய அட்டைப்பெட்டியின் மேற்றாளைச் சற்று நனைத்து உரித்தால் உள்ளே வரிவரியாக உருளும் நெளிவு பீலி ஓட்டின் வரிசையாகவே அமைந்துவிடுகின்றது. தட்டையான கள்ளிக்கோட்டை ஓட்டை இங்கு வைக்கலாகாது. அத்தகைய ஓட்டை மங்களூரிலே பாசல் மிசனார் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கியதே 1865இல். ஓலைக்கூரைக்கு வாசற்படித் தும்புத் தடுக்கிலிருந்து தும்பை எடுத்துக் கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக ஒட்டவேண்டும். கிடுகு வேய்ந்த ஒருவர் வீட்டில் இருந்தால் இதை அவரிடம் ஒப்படைத்துவிடலாம். கூரையைச் சுவரோடு ஒட்டிவிடாமல் கழற்றி வைக்கத்தக்கதாகச் செய்க. ஆட்டத்தின்போது உருவங்களை உள்ளே வைக்க இது வேண்டும். வாயிலின் அகலத்தையும் உருவத்தின் அடித்தட்டை வைத்துப் பார்த்தே வெட்டுதல் நன்று.

பனைமரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பது மீற்றர் வளர்ந்த பனை 1/56இலே அரை மீற்றருக்கு மேல் வரும்; ஆட்டத்திலே கை பட்டுச் சரிந்துகொண்டேயிருக்கும். ஆகவே ஆடுவோர் அதனைப் பாதியாகக் குறைத்துவிடுவர். வடலி என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

நிறம்

வர்ணம் தீட்டுவதே இவ்வேலையின் இனிய பகுதி. சண்டை வருவதும் அதிலேதான். வெள்ளையா, சாம்பலா? பழைய படங்கள் கறுப்பு வெள்ளை. புதிய படங்கள் திருத்தியமைக்கப்பட்ட சுவரைக் காட்டுபவை. முன்னே கூறிய வீட்டிலே அந்தப் பையன் ஐங்கோணத்தைத் தாயாருக்காக ஓரமாக வைத்துவிட்டுக் கடற்கோட்டையைத் தொடங்கியிருந்தான். நிறத்துக்காக அவன் சென்றது அப்பப்பாவிடம். அவர் இளமையில் வேலை நிமித்தம் பல ஆண்டுகள் பாதையிலே அக்கடலைக் கடந்தவர்.

"அப்பப்பா, சுவர் என்ன நிறம்?"

"வெள்ளையுமில்லை, சாம்பலுமில்லை அப்பன். வெயிலிலே பார்த்தால் பழஞ்சோற்றுத் தண்ணி நிறம். மழை விட்டவுடனே பார்த்தால் கரி பூசினமாதிரி."

"கீழே, தண்ணி படுகிற இடம்?"

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் இருந்தார். "பச்சை. ஆனால் ஒரு சாண்தான். அதற்கு மேலே ஒரு கறுப்புக் கோடு. வத்து நேரம் அந்தக் கறுப்புக்கும் கீழே சிப்பி ஒட்டியிருக்கிறது தெரியும்."

எந்த ஆவணக் காப்பகத்திலும் இக்குறிப்பு இராது. வீட்டில் முதியவர் இருப்போர் வர்ணப்புட்டியைத் திறக்குமுன் அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது; அடுத்த பனிக்காலத்துக்கு ஒத்திவைக்கத்தக்க வேலையன்று அது.

அவர் சொன்னதைத் தூரிகைக்கு மாற்றுவது இவ்வாறு. கறுப்பு அடிவர்ணம் காய்ந்தபின் கடும் மண்ணிறத்தை இடுக்குகளுக்குள் விட்டு மற்ற இடமெங்கும் பூசுக. அதன்மேல் மஞ்சள் கலந்த சாம்பல். பின்னர் அகன்ற தூரிகையிலே வெளிர் நிறத்தைத் தொட்டு, பழந்துணியிலே ஏறக்குறைய முழுவதையும் துடைத்துவிட்டு, கல்லின் மேடுகளில் மாத்திரம் படும்படி இலேசாகத் தடவவேண்டும். உலர்தூரிகை என்பது இதுவே. பழஞ்சோற்றுத் தண்ணீர் நிறத்துக்கு வெள்ளையோடு ஒரு துளி மஞ்சளும் அதனிலும் குறைந்த மண்ணிறமும் போதும். தனிவெள்ளை கூடவே கூடாது. மழைக்கறைக்குக் கறுப்பை நிறைய நீரிலே கரைத்துச் சுவரின் உச்சியிலிருந்து கீழே வழியவிடுக. புவியீர்ப்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

நீர்மட்டத்திலே பச்சையை நேர்கோடாக இழுக்காமல், கடற்பஞ்சுத் துண்டொன்றினால் ஒற்றி ஏற்றவேண்டும். ஒரு சாண் என்றார் பெரியவர். 1/56இலே அது நான்கு மில்லிமீற்றர். அதன்மேல் கறுப்புக்கோடு. கீழே சிப்பிக்குப் பையன் கண்டுபிடித்த உபாயம் எமக்குப் பிடித்தது: உடைத்த முட்டையோட்டை நுணுக்கிப் பசையிலே தூவிவிட்டான். கடலுக்கு நீலத்தைத் தீட்டாதீர்கள். அங்கு கடல் ஆழமற்றது; பசுமையும் மணல்நிறமும் கலந்தே தோன்றும். அந்நிறத்தைப் பூசி, காய்ந்தபின் பளபளக்கும் வார்னிஷை ஐந்தாறு முறை, ஒவ்வொன்றும் முற்றாக உலர்ந்தபின்னரே அடுத்ததை இடுக. ஈரலிப்பான நிலவறையில் ஒரு பூச்சு உலர ஒரு முழுநாள் எடுக்கும். அதற்குள் விரல்வைத்துப் பார்ப்பவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பார்கள்.